வானிலே பணி, வீட்டிலே உறக்கம்

ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தவர்கள் நம் முன்னோர். மாலை, யாமம், வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு என்று பெயரிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பொழுதையும் ஒரு நிலத்தோடும் ஓர் உள்ளத்து நிலையோடும் இணைத்து வைத்தனர். கூடலுக்கு யாமம், காத்திருத்தலுக்கு மாலை, ஊடலுக்கு வைகறையும் விடியலும், இரங்கலுக்கு எற்பாடு, பிரிவுக்கு நண்பகல். பள்ளியில் இதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற காலத்தில், இது புலவர்கள் தம் வசதிக்காக வகுத்துக்கொண்ட முறை என்றே எண்ணியிருந்தோம். மனித மனம் பொழுதோடு கட்டப்பட்டது, பொழுது குலைந்தால் மனமும் குலையும் என்ற உண்மை அதனுள் இருப்பதை எங்கள் மகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை சிறிதன்று. அதனை இம்மலரின் வாயிலாகச் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சேர்ந்தே இதனை எழுதுகிறோம். நெல்லைச் சீமையிலிருந்து 1984-இல் பம்பாய் வந்து செம்பூரில் குடியேறினோம். எங்களுள் ஒருவர் டிராம்பேப் பகுதியில் ஓர் ஆலையில் 32 ஆண்டுகள் ஷிப்ட் முறையில் வேலை பார்த்து 2016-இல் ஓய்வு பெற்றார். மற்றவர் அந்த 32 ஆண்டுகளும் இல்லத்தை நடத்தினார். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. இரண்டு அறை கொண்ட வீடு. நம்மவர் பலருடைய கதையே எங்கள் கதையும்.

2014-இல், தன் 22-ஆம் வயதில், மகள் ஒரு விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். வேலைக்கான உத்தரவு வந்த அன்று மாதுங்காவிலிருந்து மல்லிகைப்பூ வாங்கிவந்து சாமி படத்துக்குச் சாத்தினோம். ஊருக்குக் கடிதம் போட்டோம். சீருடை அணிந்து முதன்முறை அவள் படியிறங்கியபோது, எங்கள் கட்டடத்தின் நான்கு மாடி மக்களும் வாசலில் நின்று பார்த்தனர். உலகத்தைச் சுற்றுகிறாள், நட்சத்திர ஹோட்டலில் தங்குகிறாள், அயல்நாட்டுச் சாக்லேட் கொண்டுவருகிறாள் என்று எல்லாரும் பேசினர். நாங்களும் அப்படியே பேசினோம்.

அவள் திரும்பி வரும் நேரத்தை மட்டும் ஒருவரும் பேசவில்லை. நள்ளிரவில் வருவாள்; சில நாள் விடியற்காலை நான்கு மணிக்கு வருவாள். சீருடையைக் களைந்து, ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுப்பாள். ஊர் விழிக்கும் நேரத்தில் அவள் உறங்கத் தொடங்குவாள். பால்காரர் மணி அடிப்பார். பாத்திரம் துலக்கும் பாயி குழாயடியில் தட்டுகளை உருட்டுவாள். குக்கர் கூவும். தொலைக்காட்சியில் பக்திப் பாடல் ஒலிக்கும். பதினொரு மணிக்குமேல் அவள் எழாவிட்டால், “பெண்பிள்ளை இவ்வளவு நேரமா தூங்குவது? வீட்டுக்கு மூதேவி வந்து சேரும்” என்று கதவைத் தட்டி எழுப்புவோம். விருந்தினர் வந்தால் கட்டாயம் எழுப்புவோம். வந்தவர்கள் அவளைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள் என்பது எங்கள் நியாயம்.

2017-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றும் நினைத்து வருந்துகிறோம். அன்று காலை பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தனர். நியூயார்க்கிலிருந்து வந்த விமானத்தில் பணி முடித்து மகள் வீடு சேர்ந்தது அன்று அதிகாலை நான்கரைக்கு. முகம் வீங்கியிருந்தது. பட்டுப்புடவை கட்டி உட்காரவைத்தோம். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். ஒரு கேள்வி அவள் காதிலேயே விழவில்லை. இரண்டு நாள் கழித்து, “பெண்ணுக்குக் கொஞ்சம் கர்வம் போலத் தெரிகிறது” என்று தரகர் வழியே செய்தி வந்தது. நாங்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் கோபம் கொள்ளவில்லை. மகளிடம் கோபம் கொண்டோம். விமானத்தில் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிக்கிறாயே, வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கக் கூடாதா என்று கேட்டோம். அவள் பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள்.

எங்கள் அறியாமை எத்தகையது என்பதை விளக்கச் சற்று அறிவியல் பேசவேண்டியிருக்கிறது. 1729-இல் டி மெரான் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் தொட்டாற்சுருங்கிச் செடி ஒன்றை இருட்டறைக்குள் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின. பொழுதைக் காட்டும் கடிகாரம் வானத்தில் மட்டுமன்றி உயிருக்குள்ளும் உண்டு என்பதற்கு அது முதற்சான்று. அக்கடிகாரம் பழ ஈயின் உயிரணுவுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த அமெரிக்கர் மூவர், ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோர், 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். எங்கள் வீட்டில் பெண் பார்க்கும் படலம் நடந்த அதே ஆண்டு.

மனிதரின் கடிகாரம் மூளையின் அடிப்புறத்தில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சமே அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்கிறது. நாடு மாறினால் அதுவும் மாறும்; ஆனால் மெல்லத்தான் மாறும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். மேற்கே போவதைவிடக் கிழக்கே வருவது கடினம். மும்பைக்கும் நியூயார்க்குக்கும் குளிர்காலத்தில் வேறுபாடு 10 மணி 30 நிமிடம். கோடையில் 9 மணி 30 நிமிடம். அங்கே முழுதாகப் பழக ஒன்பது பத்து நாளாவது வேண்டும். எங்கள் மகள் தங்கியதோ ஓரிரு நாள். கடிகாரம் பாதி வழி போவதற்குள் உடல் திரும்பிவிடும். இங்கு வந்து மூன்று நாளில் லண்டன் பயணம். அங்கே வேறு கணக்கு. அவள் உடலுக்குள் நடுநிசி எது, நண்பகல் எது என்று அவளுக்கே தெரிந்திருக்க முடியாது.

வேலையிடமும் எளியதன்று. உயரத்தில் பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். உதகையின் உயரத்தில், பாலை போன்ற வறண்ட காற்றில், பதினைந்து மணி நேரம் வண்டி தள்ளுவதாக எண்ணிப் பாருங்கள். நெடும்பயண விமானத்தில் பணியாளர் முறைவைத்துப் படுக்கச் சிறு படுக்கைகள் உண்டு. “மச்சுக்குள் சாமான் அடுக்கியதுபோல் படுத்திருப்போம், அம்மா, கண் மூடும்போது யாராவது காலைத் தொட்டு எழுப்புவார்கள்” என்று மகள் ஒருமுறை சொன்னாள். இரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை மனித உடலும் விழிப்பும் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம். விமானத் துறையின் பணிநேர விதிகளே அதனைத் தனியாகக் குறித்துவைத்துள்ளன. அந்நேரத்தில்தான் அவள் புன்னகையோடு காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புன்னகையும் ஓர் உழைப்பே. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தன் உணர்ச்சியை அடக்கி, பிறர் விரும்பும் உணர்ச்சியை முகத்தில் வரவழைத்துக் காட்டுவதும் கூலிக்குச் செய்யும் வேலை என்று அதில் நிறுவி, அதனை உணர்ச்சி உழைப்பு என்றார். மூட்டை சுமப்பவர் வீட்டுக்கு வந்தபின் எவரும் அவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதில்லை. நாங்களோ மகள் வீட்டுக்கு வந்தபிறகும் சிரிக்கச் சொன்னோம். அமெரிக்க விமானப் பணியாளரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உறக்கக் கோளாறு, களைப்பு, மனச்சோர்வு ஆகிய மூன்றும் பணியாளரிடையே மிகுந்து காணப்பட்டன. இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்துகொண்டது பின்னர்தான்.

உறவுகள் ஒவ்வொன்றாக நழுவின. கல்லூரித் தோழியரின் திருமணங்களுக்கு அவளால் போக முடியவில்லை. இரண்டு மூன்று அழைப்புகளுக்குப் பிறகு அழைப்பே வரவில்லை. அண்ணன் திருமணத்தன்று நிச்சயதார்த்தச் சடங்கு முடிந்தபின் வந்து, தாலி கட்டியதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். பொங்கலன்று பானை பொங்குகையில் அவள் வேறொரு கண்டத்தில் இருந்தாள். 2018-இல் புனேயில் வேலை பார்த்த தமிழ்ப் பிள்ளை ஒருவரோடு நிச்சயம் செய்தோம். நல்ல பிள்ளை, அவரை நாங்கள் குறை கூற மாட்டோம். இவள் அழைக்கும் நேரம் அவருக்கு அலுவலக நேரம். அவர் அழைக்கும் நேரம் இவளுக்கு உறக்க நேரம். பேசாத நாள்கள் பெருகின. பேசிய நாள்களில் களைப்பு பேசியது. பதினோராம் மாதம் இரு வீட்டாரும் மோதிரங்களைத் திருப்பிக்கொண்டோம். கூடலுக்கு யாமம் என்றனர் முன்னோர். இருவருக்கும் பொதுவான ஒரு யாமம் இல்லாதபோது என்ன செய்வது?

திருமணமும் இவ்வேலையும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் இத்தொழில் பிறந்த நாள் தொட்டே இருந்துவருகிறது. 1930 மே 15-இல் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்த எல்லன் சர்ச் ஒரு செவிலியர். மணமாகாதவராக இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. நம் நாட்டிலும் 1981-இல், ஏர் இந்தியா எதிர் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதற்கருவுற்றதும் பணிநீக்கம் என்னும் விதியை நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் மணம் புரியக் கூடாது என்ற விதியை அன்று ஏற்றுக்கொண்டது. இன்று மணமானவரும் தாயரும் பறக்கின்றனர். சட்டம் மாறிவிட்டது. வீட்டு வழக்கம் சட்டத்தைப்போல் விரைவில் மாறுவதில்லை.

2019 மழைக்காலத்தில் ஓர் இரவு மூன்று மணிக்கு அடுக்களையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், மகள் குளிர்ந்த சோற்றைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு உண்ணாமல் உட்கார்ந்திருந்தாள். “ஹோட்டலில் கண் விழித்தால் எந்த ஊர் என்று தெரிவதில்லை, அம்மா. முன்பெல்லாம் பயமாக இருக்கும். இப்போது தெரியாவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. நான் எந்த ஊரில் இருந்தால் யாருக்கு என்ன?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நாங்கள் இவ்வளவு அஞ்சியிருக்கமாட்டோம்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்ற சொல்லை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே நான்கு நாள் ஆயிற்று. கட்டடத்தில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், வேலைக்கு ஆபத்து வருமோ, நாளைக்கு வரன் அமையாதோ என்று என்னென்னவோ எண்ணினோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்: அந்த நான்கு நாளும் நாங்கள் மகளைப் பற்றி எண்ணியதைவிடப் பிறரைப் பற்றி எண்ணியதே மிகுதி.

மருத்துவர் அம்மையார் மராட்டியர், பொறுமையானவர். எத்தனை மணிக்கு உறக்கம், எத்தனை மணிக்கு விழிப்பு என்று மூன்று வாரம் எழுதிவரச் சொன்னார். எழுதிக் கொண்டுபோனதைப் பார்த்து, “வெளியூர் ஹோட்டலில் ஆறு மணி நேரமாவது தூங்குகிறீர்கள். சொந்த வீட்டில் நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லையே, ஏன்?” என்று கேட்டார். மகள் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: “சின்ன வயதில், அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், எங்கள் வீட்டில் குக்கர்கூடச் சத்தம் போடாது, டாக்டர். நானும் அண்ணனும் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவோம்.” அவ்வளவுதான். குற்றம் சாட்டும் குரலில் அவள் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள்.

அன்று டாக்ஸியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உண்மைதான். எங்களுள் ஒருவர் 32 ஆண்டுகள் பகலில் உறங்கினார். மற்றவர் 32 ஆண்டுகள் அந்த உறக்கத்தைக் காத்தார். சோற்றை அடுப்பில் சட்டியிலே வடித்தார். பால்காரர் மணி அடிக்கக் கூடாது என்று வாசலில் சீட்டு ஒட்டினார். வந்த உறவினரைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பிள்ளைகள் சிரித்தால் உதட்டில் விரல் வைத்தார். சம்பாதித்து வருபவரின் உறக்கம் வீட்டின் சொத்து என்று கருதினோம். மகளும் சம்பாதித்தே வந்தாள். அவள் அண்ணனின் திருமணக் கடனில் பாதி அவள் சம்பளத்தில்தான் அடைந்தது. ஆயினும் ஆண் பகலில் உறங்கினால் அது ஓய்வு என்றும், பெண் பகலில் உறங்கினால் அது சோம்பல் என்றும் நாங்கள் அறியாமலே ஒரு விதி வைத்திருந்தோம். அந்த விதியை எவரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஊரிலிருந்து வருகையில் பாத்திரம் பண்டங்களோடு கட்டி எடுத்துவந்திருக்கிறோம்.

அதன்பின் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. அவள் அறைச் சன்னலுக்கு இரட்டைக் கறுப்புத் துணி தைத்துப் போட்டோம். அழைப்பு மணிக்குத் தனியே ஒரு சுவிட்ச் வைத்தோம். மாதந்தோறும் வரும் பணிப் பட்டியலைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி, அவள் உறங்கவேண்டிய நேரத்துக்கு நீலப் பென்சிலால் கோடிட்டோம். நீலக் கோட்டுக்குள் யார் வந்தாலும், “மகள் வேலை முடிந்து வந்து தூங்குகிறாள்” என்று சொல்லப் பழகினோம். அப்படிச் சொல்லும்போது முதலில் நா கூசியது. பிறகு பெருமையாக இருந்தது. தீபாவளிக்கு அவள் வராவிட்டால், வந்த நாளில் மாலை நான்கு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்துப் புத்தாடை கொடுத்தோம். வரன் பேச்சை நாங்களாக எடுப்பதை நிறுத்தினோம். மருத்துவர் தந்த மருந்தை அவள் எட்டு மாதம் உட்கொண்டாள். அவர் சொன்னபடியே குறைத்து நிறுத்தினாள். உள்நாட்டுப் பயணங்களுக்குச் சில காலம் மாற்றித் தருமாறு அவளே நிறுவனத்தில் எழுதிக் கேட்டுப் பெற்றாள்.

2020 மார்ச் 25-இல் நாட்டின் உள்நாட்டு விமானங்களெல்லாம் நின்றன. மே 25 வரை அவள் வீட்டில் இருந்தாள். உலகத்தை அச்சம் சூழ்ந்திருந்த அந்நாள்களில் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. மூன்றாம் வாரத்தில் மகள் இரவு பத்தரைக்குத் தானே கொட்டாவி விட்டாள். காலை ஆறரைக்கு எழுந்து வந்து காப்பி கேட்டாள். பள்ளிக்காலத்துச் சிரிப்பு திரும்பியது. உறக்கம் ஒன்றே மருந்து என்று நாங்கள் முடிவு கட்டவிருந்தோம். அப்போது சம்பளம் பாதியாகக் குறைந்தது. வேலை நிலைக்குமோ என்ற கவலை வந்தது. அவள் மறுபடியும் முடங்கினாள். இம்முறை நாங்கள் நான்கு நாள் காத்திருக்கவில்லை. அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். உறக்கம் மனத்துக்கு அடித்தளம். அதுவே முழு வீடு ஆகிவிடாது என்பதை அன்று அறிந்தோம்.

விமானப் பணி எல்லார் வீட்டிலும் இராது. ஆயினும் மருத்துவமனையில் இரவு முறை பார்க்கும் செவிலிப் பெண், அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் கணினிப் பெண், ரயில்வேயில் பணிபுரியும் பெண் ஆகியோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் நிறையவே இருக்கின்றனர். அவர்கள் பகலில் உறங்கும்போது வீட்டில் என்ன ஓசை கேட்கிறது என்று அன்பர்கள் ஒரு நாள் கூர்ந்து கேட்டுப் பார்க்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். மனம் சோர்ந்தால் மருத்துவரிடம் போக நாணவேண்டாம். நேரில் போகத் தயங்குவோர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மகள் மீண்டும் நெடும்பயண விமானங்களில் பறக்கிறாள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு உறக்கத்தைப் பற்றி அவளாகவே எடுத்துச் சொல்கிறாளாம். அவள் நாள் முழுதும் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்று சொல்லமாட்டோம். சில நாள் பேசாமல் இருக்கிறாள். அந்நாள்களில் நாங்களும் காரணம் கேட்டுத் துளைப்பதில்லை. மோர்த் தம்ளரை மட்டும் மூடி வைத்திருப்போம்.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் இந்நேரம் பகல் பன்னிரண்டு மணி. பட்டியலில் இரண்டு மணி வரை நீலக் கோடு இருக்கிறது. அடுப்பில் சோறு சட்டியிலே கொதிக்கிறது. எங்களுள் ஆலைக்குப் போனவர் படிக்கட்டில் உட்கார்ந்து இதனைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்.